எல்லாருக்கும் மறந்த பாஸ்வேர்டு

பெண்ணைப் பெற்றவன் பரிசம் போடுகிற அன்றைக்காவது வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மணியத்துக்கு அது ஆகாத காரியம். மாப்பிள்ளை வீட்டார் பொந்தியானிலிருந்து மூன்று கார்களில் வந்து இறங்கி, தட்டுகளைப் பாயில் வரிசையாக வைத்துவிட்டு ஆளுக்கொரு வாய் டீ குடிப்பதற்குள், தம்போய் ஊரில் இந்த வீட்டை வாங்கிய கதையை அவர் சொல்லி முடித்துவிட்டார். பின்பக்கம் இழுத்துக் கட்டிய சமையலறையைக் காட்டினார். மாற்றிய டைல்ஸைக் காலால் தட்டிக் காட்டினார். வாசல் கேட்டைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை. அது பழசு. திறந்தால் போடுகிற சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும்.

மாப்பிள்ளையின் சித்தப்பா வேலு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். கேட்கிற ஆள் கிடைத்துவிட்டால் மணியத்தைப் பிடிக்க முடியாது. வீடு முடிந்ததும் பிள்ளைகளுக்கு வந்தார்.

"எம்பிள்ளைங்கள நான் கை நீட்டி அடிச்சதே கெடையாதுங்க. ஒம்போது மணி ஆனா தூங்கிடுங்க. நான் வேல முடிஞ்சு வந்து பாத்தா வீடு கம்முனு இருக்கும், ஒரு லைட்டு எரியாது. எவன் வீட்டுல இருக்கு சொல்லுங்க? இன்னிக்கும் நான் கேட்டத் தொறந்தா மாடியில எம்மவன் லைட்ட அணைச்சிடுவான். கரண்டோட அரும தெரிஞ்ச பய."

"நல்ல வளர்ப்பு சம்பந்தி," என்றார் வேலு.

பக்கத்தில் நின்றிருந்த வாசுகி, மணியத்தின் மனைவி, சமையலறைக்குப் போனாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. சாப்பாடு வெளியில் சொல்லியிருந்தது. அதை எடுத்துவர மகன் காளிதாஸ் மழையில் போயிருந்தான்.

இந்தச் சம்பந்தம் பேசத் தொடங்கியபோது மாப்பிள்ளையின் அப்பா சபாபதி சீர் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. போனில் ஒன்றே ஒன்று கேட்டார். வீட்டில் குடி இருக்கிறதா? அவருடைய அக்கா ஒரு குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டு வதைபட்டவள். அந்த வாசனை அடிக்கிற வீட்டோடு உறவு வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தவர். மணியம் கொஞ்சமும் யோசிக்காமல், "எங்க வீட்டுக்குள்ள பாட்டில் நுழைஞ்சதே கெடையாதுங்க," என்றார். ஒரு வகையில் அது பொய்கூட இல்லை. பாட்டில் நுழைந்ததில்லை. குடித்தவர்தான் நுழைந்தார்.

அதெல்லாம் பழைய கதை. நான்கு வருஷத்துக்கு முன் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகு மணியம் ஒரு சொட்டு தொடவில்லை. இன்றைக்கு நாற்காலிக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், நேரத்துக்கு வீடு வருகிறார், முருகனுக்கு விளக்கு வைக்கிறார். நிறுத்தியது பெரிய காரியம்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் பெருமை பேசுகிற மனிதர் இதைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசியதில்லை. நிறுத்தினேன் என்று சொன்னால் குடித்தேன் என்பதையும் சொல்ல வேண்டுமே.

பரிசத்துக்குச் சபாபதியால் வர முடியவில்லை. சர்க்கரையில் கால்விரலை எடுத்திருந்தார்கள். காரில் உட்கார்ந்து வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அண்ணன் மொகத்தப் பாத்து, அவர் வார்த்த சொல்லாம நான் தட்டத் தொட மாட்டேன்," என்று வேலு முதலிலேயே சொல்லிவிட்டார். அதற்காக மாப்பிள்ளையின் தங்கை ஷர்மினி பெரிய டேப்லெட் ஒன்றைக் கொண்டுவந்து, முக்காலியில் நிறுத்தி, எல்லாரும் தெரிகிற மாதிரி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சபாபதி திரையில் வந்தார். "எல்லாரும் வந்து..." என்றார். பாதி வாய் திறந்தபடி அப்படியே உறைந்துபோனார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நல்ல நாளிலேயே அந்த வீட்டுக்குள் போன் லைன் ஒரு கோடுதான் காட்டும். ஷர்மினி டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள், படிக்கட்டில் ஏறிப் பார்த்தாள். சபாபதி வாயை மூடவே இல்லை.

"அங்கிள், வைஃபை பாஸ்வேர்டு சொல்றீங்களா?"

"ஏம்மா, இத மொதல்லயே கேக்கக்கூடாதா? நம்ம வீட்டு லைன் பறக்கும். வாசுகி, பாஸ்வேர்டு என்ன?"

வாசுகி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "மறந்துட்டேங்க," என்றாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். கை ஈரமாகவே இல்லை.

"சரி, நீ எங்க ஞாபகம் வச்சிருக்கப் போற," என்று வேலுவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மணியம் மகனுக்குப் போன் போட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"காளி, நம்ம வைஃபை பாஸ்வேர்டு என்னடா?"

மழைச் சத்தத்துக்கு நடுவில் காளியின் குரல் வந்தது.

"மறந்துட்டேன்பா. நான் வந்து போட்டுத் தர்றேன்."

"மறந்துட்டா வந்து எப்படிடா போடுவே?"

"வந்துடுறேன்பா. ஜாம்ல இருக்கேன். கொஞ்ச நேரம் பொறுங்க லா."

பொறுக்க நேரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை. ராகு காலம் வருவதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும் என்று ஒரு பெரியவர் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மணியம் எழுந்து, கீழே இருந்த அறைக் கதவைத் தட்டினார். உள்ளே கல்யாணப்பெண் பிரவீனா சேலை கட்டித் தயாராக இருந்தாள். கூப்பிடுகிற வரைக்கும் பெண் வெளியே வரக்கூடாது. அதனால் கதவு வழியாகத்தான் பேச்சு.

"பிரவீனாம்மா, வைஃபை பாஸ்வேர்டு சொல்லு."

வளையல் சத்தம் கதவுக்குப் பக்கத்தில் வந்தது.

"ஞாபகம் இல்லப்பா."

"ஒனக்குமா?"

"என் போன்ல ஹாட்ஸ்பாட் போடவா?"

மணியத்துக்கு எரிச்சல் வந்தது. பத்துப் பேர் முன்னால் லைன் பறக்கும் என்று சொல்லியாகிவிட்டது. "வீட்டுல மாசா மாசம் பில்லு கட்டி லைன் வச்சிருக்கேன். சம்பந்தி வந்திருக்கறப்ப ஹாட்ஸ்பாட்டா? மானம் போயிடும். நாள் பூரா அதுலதான கெடக்கறீங்க, மூணு பேருக்கும் ஒரே நாள்லயா மறக்கும்?"

"அப்ப டேப்லெட்ட உள்ள குடுங்கப்பா. ஞாபகம் வருதான்னு அடிச்சுப் பாக்குறேன்."

அந்த நேரத்தில்தான் ஷர்மினி, உதவி செய்கிற நல்ல மனசோடு, பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேண்டாம் அண்ணி, நீங்க சிரமப்படாதீங்க. அங்கிள், உங்க போன்ல வைஃபை வருதுல்ல? அப்ப அதுலயே இருக்கும். காட்டுங்க."

"வேணாம்," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து பிரவீனாவின் குரல். "அப்பா, வேணாம்பா."

மணியம் காதில் வாங்கவில்லை. மகள் வெட்கப்படுகிறாள் என்று நினைத்தார். போனை வாங்கிய அன்றைக்கு, "இதுல வைஃபை போட்டுக் குடு," என்று மகளிடம் கொடுத்ததோடு சரி. அதன் உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஷர்மினி சொல்லச் சொல்லத் தட்டினார். இங்கே அமுக்குங்கள், அந்தப் பல்சக்கரம், இப்போது பகிர் என்று இருக்கும் பாருங்கள். போன் அவருடைய ரகசிய எண்ணைக் கேட்டது. ஷர்மினி மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் எண்ணைப் போட்டார்.

கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக ஒரு படம் வந்தது. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், பாஸ்வேர்டு.

மணியம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். ஆங்கில எழுத்துகள், இடைவெளி விடாமல், ஒரே நீளமாக. யாரோ கண்ணை மூடிக்கொண்டு அடித்த மாதிரி இருந்தது. பிறகு முன்னால் 'அப்பா' என்று இருப்பது தெரிந்தது. அட, நம்மைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு சந்தோஷம். மிச்சத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

அப்பாவந்தாதூங்கிடு.

இரண்டாம் தடவை படிக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. முதலில் காது சூடானது. பிறகு கழுத்து. பிறகு சட்டைக்குள் முதுகு முழுக்க வேர்த்தது.

அந்தக் காலத்தில் மணியம் ட்ரெய்லர் லாரி ஓட்டினார். வேலை முடிந்ததும் குடிக்கக் கடைக்குப் போவார். அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வருவார். கேட்டைத் திறக்கிற சத்தத்திலேயே அவர் என்ன நிலைமையில் வருகிறார் என்பது வீட்டுக்குத் தெரிந்துவிடும். கை நீட்டி அடித்ததில்லை என்று அவர் சொன்னது நிஜம். அவர் பேசுவார். கண் விழித்திருக்கிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துப் பேசுவார். ஒரு முறை, பிரவீனாவுக்கு மறுநாள் பரீட்சை, சோறு ஆறியிருந்தது என்பதற்காக அந்தத் தட்டைக் கையில் கொடுத்து ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நிற்க வைத்து, தன் சம்பாத்தியத்தைப் பற்றி, தன் தலைவிதியைப் பற்றி, அவள் அம்மாவின் குடும்பத்தைப் பற்றி, தனக்கே அலுத்துப்போகிற வரைக்கும் பேசினார். தட்டு நடுங்கினால் அதற்கும் திட்டு. அவருக்கு ஒரு கொள்கை மட்டும் இருந்தது. தூங்குகிற பிள்ளையை எழுப்ப மாட்டார். தூங்குகிற பிள்ளையை எழுப்புகிறவன் மனுஷனா என்று கடையில் இருக்கிறவர்களிடமே சொல்வார்.

அதனால் அவர்கள் தூங்கினார்கள். ஒன்பது மணிக்கு.

ஒரு தடவை சின்னவனுக்குப் போர்வையை இழுத்து மூடிவிட்டது ஞாபகம் வந்தது. அன்றைக்கு மனசு இளகியிருந்தது. குனிந்து பார்த்தபோது பையனின் இமைகள் துடித்துக்கொண்டிருந்தன. கனவு காண்கிறான் என்று நினைத்து நெற்றியைத் தடவிக் கொடுத்தார். அந்தச் சமயத்தில் அவன் மூச்சை நிறுத்திவிட்டது அவருக்கு இத்தனை வருஷம் கழித்து, பரிசம் போட வந்தவர்கள் நடுவில், கையில் போனோடு நிற்கும்போதுதான் உறைத்தது. தூங்குகிற பிள்ளை அவ்வளவு இறுக்கமாகக் கண்ணை மூடாது.

லைன் வைக்க வந்த மலாய்க்காரப் பையன் பாஸ்வேர்டு என்ன வைக்க என்று கேட்டிருப்பான். அப்போது பிரவீனாவுக்குப் பதினெட்டு வயதிருக்கும். தினமும் தம்பியிடம் சொல்கிற வார்த்தை வாயில் வந்திருக்கும். லைன் வைக்க வந்தவனுக்கு அர்த்தம் தெரியப் போவதில்லை என்று தைரியமாக அடித்துக் கொடுத்திருப்பாள். தமிழ் தெரிந்த விருந்தாளி வந்தால், "குடுங்க, நான் போட்டுத் தர்றேன்," என்று போனை வாங்கிக்கொள்கிற காளியின் மரியாதை எதற்காக என்பதும் இப்போது விளங்கியது. அதையும் அவர் நல்ல வளர்ப்பு என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

"வந்திருச்சா அங்கிள்?" என்று ஷர்மினி டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பாஸ்வேர்டு கூட வேண்டாம், இந்தப் படத்த ஸ்கேன் பண்ணா போதும். இப்படி நீட்டுங்க."

மணியம் போனை நீட்டினார். நீட்டும்போது கட்டைவிரலைக் கீழே நகர்த்தி அந்த எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கை, பெரிய விரல். 'அப்பா' முழுக்க மறைந்தது. கடைசியில் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு தெரிந்த மாதிரி இருந்தது. விரலைப் படுக்கவைத்து அதையும் மூடினார்.

"கொஞ்சம் ஆட்டாம புடிங்க அங்கிள்."

ஆட்டாமல் பிடிக்க அவர் தன் மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நிமிர்ந்தபோது வாசுகி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தை அல்ல, கட்டைவிரலை. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. ஒன்றுமே இல்லை. அந்த முகத்தை அவருக்குத் தெரியும். பக்கத்தில் படுத்துத் தூங்குகிற முகம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

சபாபதி வாயை மூடினார். கை கூப்பினார். படம் தெளிவாக, குரல் தெளிவாக வந்தது. லைன் பறந்தது.

"அண்ணா, நீயும் ஸ்கேன் பண்ணிக்கோ, வராத நம்ம அக்கா குடும்பத்துக்கு நீ லைவ் போடலாம்," என்று ஷர்மினி மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

"பரவால்ல," என்றான் கமலநாதன். அமைதியான பையன். சிங்கப்பூரில் பிரவீனா வேலை செய்கிற அதே கட்டடத்தில் வேலை. வந்ததிலிருந்து பாயில் சம்மணம் போட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷர்மினி விடாமல் அவன் கையிலிருந்து போனை வாங்கினாள். பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"ஒனக்குத்தான் ஏற்கனவே வைஃபை வந்திருச்சே. இவங்க வீட்டு வைஃபைதான். அலமாக், இவ்ளோ நேரம் நாங்க அலையறத பாத்துட்டு சும்மாவா உக்காந்திருந்தே?"

"நான் கவனிக்கல," என்றான் கமலநாதன்.

போன மாதம் வாசுகியைக் கிளினிக்கில் காட்ட அவன்தான் கார் கொண்டுவந்தான். மணியம் வேலையில் இருந்தார். அன்றைக்குப் பிரவீனா அவனுக்குப் பாஸ்வேர்டைக் கொடுத்திருப்பாள். அதன் கதையையும் சொல்லியிருப்பாள். இல்லாவிட்டால் பையன் ஏன் இப்படித் தரையைப் பார்க்க வேண்டும்? சற்று முன் வேலுவிடம் பிள்ளை வளர்ப்பைப் பற்றி நீட்டி முழக்கியபோது இவன் இரண்டடி தள்ளி உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஒம்போது மணி ஆனா தூங்கிடுங்க. மணியத்துக்கு அந்தப் பாயைத் தூக்கி அதற்கு அடியில் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கேட் சத்தம் கேட்டது. காளிதாஸ் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். டேப்லெட்டில் சபாபதி பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். அப்பா கையில் போன் இருப்பதைப் பார்த்தான். படம் எப்போதோ அணைந்துவிட்டது, ஆனால் அவர் இன்னும் கட்டைவிரலை எடுக்கவில்லை. காளி பெட்டியை வைத்துவிட்டு, துண்டு எடுக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டான்.

வேலு உற்சாகமாகிவிட்டார். "அண்ணே, சம்பந்தி வீட்டுப் பிள்ளைங்க ஒம்போது மணிக்கெல்லாம் தூங்கிடுங்களாம். இந்தக் காலத்துல பாருங்க."

"அதான் வேணும்," என்றார் திரையிலிருந்து சபாபதி. "பொண்ண வரச் சொல்லுங்க."

பிரவீனா வந்தாள். அரக்குச் சேலையில், தலை நிறையப் பூவோடு வந்து, பெரியவர்களுக்குக் கும்பிட்டு, தட்டுகளுக்கு முன்னால் நின்றாள். அப்பாவை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அவர் பார்வையைத் தட்டிலிருந்த ஆப்பிள்களின் மேல் வைத்துக்கொண்டார்.

சபாபதி தொண்டையைச் செருமினார். "சம்பந்தி, தட்டு மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த. தப்பா நெனைக்காதீங்க. போன்ல கேட்டதுதான். ஆனா நாலு பேர் முன்னாடி உங்க வாயால கேட்டுட்டா எனக்கு நிம்மதி. உங்க வீட்டுல குடிப்பழக்கம் உண்டா?"

ராகு காலம் பார்த்த பெரியவர்கூடக் கடிகாரத்தை விட்டு நிமிர்ந்தார். மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

எளிதான கேள்வி. காலையில் கேட்டிருந்தால் மணியம் பாட்டுப் பாடுகிற மாதிரி பதில் சொல்லியிருப்பார். இப்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். சொல்லியிருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. சொன்னால் மகளின் கல்யாணம் இந்தப் பாயிலேயே நின்றுவிடும். சொல்லாவிட்டால் அவர்கள் இருக்கிறார்கள், மனைவி, மகள், மகன், போதாக்குறைக்கு வரப்போகிற மருமகன். நான்கு பேரும் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். எல்லாம் ஒரு கணம்தான்.

"எங்கப்பா தொட மாட்டாரு மாமா," என்றாள் பிரவீனா.

பரிசத்தில் பெண் வாய் திறப்பது வழக்கம் இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரையை நேராகப் பார்த்துச் சொன்னாள், குரலில் ஒரு பிசிறு இல்லை. அந்தக் குரலை இருட்டில் கேட்டிருக்கிறான் தம்பி. மணியம் இன்றைக்குத்தான் கேட்டார்.

வேலு சிரித்துவிட்டார். "அப்பாவுக்கு வக்கீலே வேண்டாம் போல." சபாபதியும் சிரித்தார். "இது போதும்மா. பொண்ணு வாயால வந்தா பொய் இருக்காது. தட்ட மாத்துங்க."

மணியத்துக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதிதான் அவரை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. மகள் பொய் சொல்லிக் காப்பாற்றுகிறாள், பெற்றவன் மூச்சு விட்டுக்கொள்கிறான். த்தூ என்று தன்னையே துப்பலாம் போல இருந்தது. ஆனாலும் சிரித்த முகமாகத் தட்டைத் தூக்கி வேலுவின் கையில் கொடுத்தார், வேலு கொடுத்ததை வாங்கினார். ராகு காலத்துக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். படமெடுத்தார்கள்.

சாப்பாட்டில் மணியம் இலையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மட்டன் நன்றாக இருக்கிறது, எங்கே சொன்னீர்கள் என்று யாரோ கேட்டார்கள். எப்போதும் அந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொல்லக்கூடியவர், "தெரியலைங்க, மவன்தான் சொன்னான்," என்றார். வாசுகி ரசம் ஊற்ற வந்தாள். "போதும்," என்றார். அவள் நகர்ந்த பிறகும் அவள் கால் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டு என்ன சொல்வது?

பொழுது சாய்கிற நேரத்தில் மழை விட்டது. விருந்தாளிகள் கிளம்பினார்கள். தெருவில் இடமில்லாமல் கார்களை வீட்டு வரிசை முடிகிற இடத்தில், திடல் ஓரமாக விட்டிருந்தார்கள். மணியம் வழியனுப்பக் கூடவே நடந்தார். தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டித் தாண்டி எல்லாரும் முன்னால் போக, கமலநாதன் பின்தங்கி அவரோடு வந்தான். மணியத்தின் செருப்பு வழுக்கியபோது அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"பிரவீனா ஒங்கிட்ட எப்ப சொன்னா?" என்று கேட்டார் மணியம். எதைப் பற்றி என்று அவர் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

"பழக ஆரம்பிச்சப்பவே மாமா."

"அப்புறமும் எங்கூட சம்பந்தம் வச்சுக்க வந்துட்டியே."

"நீங்க நிறுத்தினதயும் சேத்துதான் சொன்னா." தேங்கிய தண்ணீரைத் தாண்டி அவருக்குக் கை கொடுத்தான். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த பெறகு மொதல் தீபாவளிக்கு, சாயங்காலம் ஆனதும் கதவப் பூட்டிக்கிட்டு நீங்க உள்ளயே உக்காந்திருந்தீங்களாம். கூட்டாளிங்க வந்து கூப்புட்டும் போகலையாம். அத பெருமையா சொல்லுவா."

மணியத்துக்கு அழுகை வந்தது. இருமினார். அந்தத் தீபாவளி அவருக்கும் ஞாபகம் இருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தார். "பாஸ்வேர்ட மாத்தச் சொல்றேன்," என்றார், வேறெதுவும் தோன்றாமல்.

"மாத்துங்க மாமா," என்றான் கமலநாதன். "எனக்கும் அத அடிக்கறதுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

கார்கள் போன பிறகு மணியம் கொஞ்ச நேரம் திடல் ஓரத்தில் நின்றார். பிறகு திரும்பி நடந்தார். நடக்க நடக்கக் கால் லேசானது. வீட்டுக்குப் போனதும் காளியைக் கூப்பிட வேண்டும். ஒன்றும் பேச வேண்டாம், பாஸ்வேர்டை மாற்றிக் கொடுடா என்று மட்டும் சொல்ல வேண்டும். என்ன வைக்க என்று கேட்பான். உன் இஷ்டம், அக்காவையும் கேட்டுக்கோ என்று சொல்ல வேண்டும். வாசுகியிடம் என்ன சொல்வது என்பதற்குத்தான் வார்த்தை கிடைக்கவில்லை. அதையும் போகிற வழியில் தேடிக்கொண்டே நடந்தார்.

வீடு வெளிச்சமாக இருந்தது. கூடத்தில் பாத்திரங்களை எடுத்து வைக்கிற சத்தம், அம்மாவும் மகளும் பேசுகிற பேச்சு. மாடியில் காளியின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பையன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பது தெருவிலிருந்தே தெரிந்தது.

மணியம் கேட்டைத் தள்ளினார். அது தன் வழக்கப்படி நீளமாகக் கத்தியது.

மாடியில் விளக்கு அணைந்தது.

அவர் குடியை நிறுத்தி நான்கு வருஷமான பிறகும் அந்த ஜன்னல் இப்படித்தான் அணைகிறது, தினமும், அவர் கண் முன்னால். கரண்டோட அரும தெரிஞ்ச பய. இப்போது அவன் யோசித்து அணைத்திருக்க மாட்டான். கை தானாகப் போயிருக்கும். உள்ளே, அந்த இருட்டில், இருபது வயதுப் பையன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கூடத்துப் பேச்சும் நின்றுபோயிருந்தது.

பயப்படாதே, நான்தான்டா என்று சொல்ல மணியம் வாயைத் திறந்தார். நான்தான் என்று தெரிந்துதானே அணைத்தான். வாயை மூடிக்கொண்டார். பிறகு கேட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, சத்தம் வராமல், மெதுவாகச் சாத்தினார்.